இடப்பக்கத்துக் குருவி

என் மனைவி சுவர்களுக்குக் கீறும் அலங்காரங்களை நான் தேன்குழல் என்றுதான் சொல்வேன். சில நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த சித்திரங்களிலிருந்து அவள் அவற்றை எடுப்பாள். அந்தப் பாணிக்கு பரோக் என்று பெயர். சுருண்டு சுருண்டு ஒரு கொடி போகும். கொடியின் நுனியில் ஒரு சிப்பி, சிப்பிக்குள் ஒரு கொழுத்த குழந்தை, குழந்தையின் கையில் ஒரு பூமாலை, மாலை முடியும் இடத்தில் இன்னொரு கொடி. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு மனிதனால் கண்டுபிடிக்க முடியாது. இதைக் கீறினவனுக்கு வேறு வேலை இருக்கவில்லையா என்று கேட்பேன். அவனுக்கு இதுதான் வேலை, உங்களுக்குத்தான் வேலை இல்லை என்பாள். அதுவும் உண்மைதான். மிசிசாகாவில் விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்கி ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அவளுக்குக் கார் ஓட்டுவது.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் அவள் ஒரு திரைச்சீலைக் கடையில் தைத்தாள். பிறகு மாலை வகுப்புக்குப் போய் வீட்டு உள்ளலங்காரம் படித்தாள். எங்கள் ஆட்கள் பக்கத்து நகரங்களான மார்க்கத்திலும் பிறம்ரனிலும் பெரிய வீடுகளாக வாங்கத் தொடங்கிய காலம் அது. வாங்கிய எல்லோருக்கும் ஒரே ஆசை, உள்ளே போனால் அரண்மனை மாதிரி இருக்கவேண்டும். கடையில் வார்த்து வைத்திருக்கும் பொன்னிறப் பூவேலைகளைக் கொண்டுவந்து, வெறும் இடம் தெரியாமல் சுவர் முழுக்க ஒட்டிவிடுவார்கள். அதைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இருந்து சோறு தின்னிற அறை. இதுக்குள்ளை முடிசூட்டு விழாவே நடக்கப்போகுது?" என்று வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அப்படியிருந்தும் ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவள் செய்த சுவரைப் பார்த்தவர்களுக்கு மற்றச் சுவர்கள் பிடிக்காமல் போய்விடும்.

அருங்காட்சியகங்கள் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் பழைய அச்சுத் தாள்களைத் தேடுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. தச்சனும் தட்டானும் துப்பாக்கி செய்கிறவனும் மாதிரி பார்ப்பதற்கென்று அந்தக் காலத்தில் அடித்தவை அவை. பிடித்த தாளைப் பெரிதாக அச்செடுத்து, மேசையில் ஒட்டி, அதன்மேல் ஊடுதெரியும் கடதாசியை விரித்து உட்காருவாள். பூசணிக்கொடி படர்ந்த வேலி மாதிரி நெருங்கிக் கிடக்கும் சித்திரத்திலிருந்து ஒரு வளைவு, ஒரு இலை, ஒரு நூல் எடுப்பாள். மிச்சத்தை விட்டுவிடுவாள். செதுக்கினவன் நிழலுக்காக மயிரிழை மயிரிழையாய்ப் போட்ட கோடுகளில் ஒன்றைக்கூடத் தொடமாட்டாள். பலகையில் வெட்டிச் சுவரில் ஏற்றினால் ஜன்னல் வெளிச்சம் தானாகவே நிழல் போடும் என்பாள்.

அந்தத் தாள்களில் ஒரு விசேஷம் உண்டு. பலவற்றில் இடது பாதி ஒரு மாதிரியும் வலது பாதி வேறு மாதிரியும் இருக்கும். நடுவிலே கோடு பிரித்தது போல இந்தப் பக்கம் ஒரு யோசனை, அந்தப் பக்கம் இன்னொரு யோசனை. செப்புத் தகடு விலை கூடியது, ஒரே தகட்டில் இரண்டு மாதிரிகளைக் காட்டி, விரும்பினதை எடு என்று விட்டுவிட்டார்கள் என்று அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். அவளிடம் ஒரு சிறிய சதுரக் கண்ணாடி இருந்தது. அதைத் தாளின் நடுவில் நிமிர்த்தி இடது பாதியைப் பார்த்தபடி பிடித்தால், அந்தப் பாதி கண்ணாடிக்குள்ளும் விழுந்து முழுச் சித்திரமாகும். மறுபக்கம் திருப்பினால் மற்றது முழுதாகும். வீட்டுக்காரர் ஒன்றைத் தெரிந்தெடுப்பார். தெரிந்தெடுத்த பாதியை மட்டும் கடதாசியில் படியெடுத்து, கடதாசியை நடுவில் மடித்து, மறுபக்கமும் அதையே கீறி விரிப்பாள். இரண்டு பக்கமும் அச்சொட்டாய் ஒன்றுபோல இருக்கும்.

எல்லாம் நடுவிலிருந்துதான் தொடங்கும் என்பது அவளுடைய வேதம். ஒரு வெறும் சுவரின் முன் போய் நின்று, அளவுநாடாவைத் தொடாமல், பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். பிறகு நான் நாடாவைப் பிடித்து அளந்து பார்ப்பேன். அதுதான் நடுவாக இருக்கும். ஒரு தடவையாவது பிழைக்காதா என்று நானும் ஆசையோடு அளந்திருக்கிறேன்.

யூனியன்வில்லில் ஒரு இளம் குடும்பம் வீடு வாங்கியது. வீட்டுக்காரி சிறுவயதில் இங்கே வந்தவள், எங்களை அன்ரி, அங்கிள் என்பாள். சாப்பாட்டறைச் சுவருக்கு ஒரு அலங்காரம் வேண்டுமென்று கேட்டாள். என் மனைவி ஒரு தாளை விரித்துக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். இடது பாதியில் கொடியில் உட்கார்ந்து, நடுவில் தொங்கும் மாலையைக் கொத்தப் போகும் ஒரு குருவி. வலது பாதியில் பழங்கள் குவிந்த ஒரு கூடை. வீட்டுக்காரி குருவியைத் தெரிந்தெடுத்தாள். பழக்கூடையை ஏற்கெனவே எல்லா ஹோட்டலிலும் பார்த்தாயிற்று என்றாள். அதைக் கேட்டு என் மனைவி சிரித்தாள். தனக்குப் பிடித்ததும் அதுதான் என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள், பனி கொட்டிக்கொண்டிருந்த மாதம், தலையிடிக்கிறது என்று படுத்தாள். மாத்திரை போட்டாள். எழும்பி, கொஞ்சம் களைப்பாக இருக்கிறது என்றாள். யாருக்குத்தான் அந்தக் குளிரில் களைப்பில்லை? அடுத்த கிழமை கடதாசியை விரித்து வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள்.

பிறம்ரனில் கணினி வைத்துப் பலகை வெட்டுகிற ஒரு பட்டறை இருக்கிறது. அவள் சுருட்டித் தந்த கடதாசியை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். விரித்துப் பார்க்கவில்லை. அவள் வேலையை நான் எப்போது பரிசோதித்தேன்? பலகைகள் வெட்டி, வண்ணம் பூசி, நேரே யூனியன்வில்லுக்குப் போய்ச் சேர்ந்தன. வீட்டுக்காரி எனக்குத்தான் தொலைபேசி எடுத்தாள். அங்கிள், இரண்டு பக்கமும் பழக்கூடை வந்திருக்கிறது, ஐயர் புதுவீடு குடிபூரலுக்கு நாளும் வைத்துவிட்டார் என்றாள். கோபத்தை அடக்கிக்கொண்டு மரியாதையாகக் கதைத்தாள், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எனக்கு மனைவிமேல் எரிச்சல் வந்தது. ஆட்கள் ஒன்றைக் கேட்டால் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்துவிட்டு வாதாடுகிற பழக்கம் அவளுக்கு முந்தியிருந்தே உண்டு. இதுவும் அதுதான் என்று நினைத்தேன். அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாள் இன்னும் அங்கேயே ஒட்டியிருந்தது.

"அந்தப் பிள்ளை குருவியைத்தானே கேட்டவள். நீர் ஏன் கூடையைக் கீறினனீர்?"

"எந்தக் குருவி?"

"இந்தத் தாளிலை இருக்கிற குருவி."

"இதிலை குருவி இல்லையப்பா. நீங்கள் வேறை தாளை நினைச்சுக் கதைக்கிறீங்கள்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். குருவியின் முதுகில் என் விரலை வைத்தேன். அவளுடைய கண் தாளின் நடுவிலிருந்து தொடங்கி, வலதுபக்க ஓரம் வரைக்கும் போய், திரும்பி நடுவுக்கு வந்து நின்றது. "எங்கை, காட்டுங்கோவன்" என்றாள். விரல் அங்கேயேதான் இருந்தது.

கண்ணாடியை எடுத்து நடுவில் நிமிர்த்தினேன். குருவி கண்ணாடிக்குள் விழுந்தது. அவளுக்கு அது தெரிந்தது. முகம் விரிந்து, ஓம், இதுதான் அந்தக் குருவி என்றாள். பிறகு கண்ணாடியை மெல்ல எடுத்து, அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள்.

"கண்ணாடிக்குள்ளை இருக்கு. தாளிலை இல்லையே."

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, ஒட்டியிருந்த தாளைக் கிழித்தெடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். இடது பாதி இப்போது அவளுடைய வலப்பக்கத்துக்கு வந்துவிட்டது. "உது எங்கை இருந்தது?" என்று கேட்டு, குருவியை விரலால் தடவினாள். கொஞ்ச நேரத்தில் அவள் கேட்டாள், நான் கீறின கூடை எங்கே போய்விட்டது என்று.

அப்போதுதான் மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தன. தட்டில் இடப்பக்கத்துச் சோறு அப்படியே கிடக்க, இன்னும் கொஞ்சம் போடுங்கோ என்று அவள் கேட்டது. கறி உறைப்பு என்று ஒதுக்கிவைத்தாள் என நினைத்து நான் பகிடி பண்ணியது. கதவு நிலையில் இடது தோள் முட்டி முட்டிக் கன்றிப்போனது. ஒரு காதில் மட்டும் தோட்டோடு கடைக்கு வந்தது. அவள் கீறிய சித்திரம் மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை. பாதியைக் கீறி மடித்து முழுதாக்குகிறவளுக்குப் பாதி தெரிந்தாலே போதும். பாதி உலகத்தை வைத்துக்கொண்டு அவள் அச்சொட்டான முழு அலங்காரம் செய்து தந்திருந்தாள், நான் அதைச் சுருட்டிக் காரில் கொண்டுபோயிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னது இவ்வளவுதான். மூளையின் வலப்பக்கத்தில் சில கிழமைகளுக்கு முன் ஒரு சிறிய அடைப்பு வந்து போயிருக்கிறது. கண்ணில் பழுதில்லை. ஆனால் இடது என்று ஒரு பக்கம் இருப்பதையே மூளை கணக்கில் எடுக்கவில்லை. மாதங்கள் போனால் திரும்பி வரலாம், கொஞ்சம் வரலாம், வராமலும் விடலாம். எது நடக்கும் என்று கேட்டேன். தெரியாது என்றார். நல்ல மனிதர், தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். எனக்கு அவரைப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, இதன் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள் என்று அவளிடம் பென்சிலைக் கொடுத்தார். எனக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை வந்தது. வேறு எதைக் கேட்டாலும் பரவாயில்லை, இதில் இவளை வெல்ல ஆளில்லை என்று நினைத்தேன். அவள் கோட்டைப் பார்த்தாள். சுவர்களுக்கு முன்னால் நிற்கும்போது செய்வது போலத் தலையைச் சற்றுப் பின்னுக்கு எடுத்தாள். பிறகு கொஞ்சமும் தயங்காமல், கோட்டின் வலது நுனிக்குக் கிட்டப் போய் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அளந்து பாருங்கோ என்பது போல என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

கண் தெரியாதவனுக்கு இருட்டாவது தெரியும். அவளுக்கு இருட்டும் இல்லை. இடம் காலியாக இருந்தால் அல்லவா அங்கே ஒன்று குறைகிறது என்று காட்டலாம். வீட்டுக்கு வந்த பிறகு நான் எவ்வளவோ விதமாய்ச் சொல்லிப் பார்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "டொக்டர் சொல்லுறார், நீங்களும் சொல்லுறீங்கள், அப்ப சரியாய்த்தான் இருக்கும். ஆனால் எனக்கு ஒண்டும் குறையேல்லையே" என்றாள். அவள் அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன். நான்தான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். எல்லாவற்றின் இடது ஓரத்திலும் சிவப்பு நாடா ஒட்டச் சொன்னாள். சிவப்பு தெரியும்வரைக்கும் தலையைத் திருப்பவேண்டும், அப்போதுதான் முழுதும் பார்த்ததாக அர்த்தம். மேசை, கதவு, சாப்பாட்டுத் தட்டு, குளிர்சாதனப்பெட்டி எல்லாவற்றுக்கும் சிவப்புக் கரை வந்தது. அதைக் காணும்போதெல்லாம் மனைவி முகத்தைச் சுளித்தாள். வீட்டைக் கோயில் திருவிழாவாக்கிப்போட்டீங்கள் என்று எனக்குத்தான் பேச்சு. திரும்பு திரும்பு என்று நான் நாள் முழுக்கச் சொன்னேன். சொன்னால் திரும்புவாள். சொல்லாவிட்டால் திரும்பமாட்டாள். திரும்புவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இடது கையும் அப்படித்தான். பலம் இருந்தது, ஆனால் அதை அவள் ஒரு இடத்தில் வைத்தால் அங்கேயே மறந்துவிட்டு எழும்பப் பார்ப்பாள்.

விஷயம் தெரிந்ததும் யூனியன்வில் பிள்ளை ஓடிவந்தாள். கூடையே இருக்கட்டும் அன்ரி, அதுவும் வடிவுதான் என்றாள். மனைவி விடவில்லை. கேட்டது குருவி, குருவிதான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அலங்காரம் இடது வலது என்று இரண்டு பலகைகளாக இருந்ததால், குடிபூரலுக்கு இருக்கிற நாளுக்குள் ஒரு பலகையை மட்டும் மாற்றலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். இடப்பக்கம் குருவி, வலப்பக்கம் கூடை. பழைய தாளில் இருந்தது போலவே இருக்கட்டும் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். பாதிக்குப் பாதி பொருந்தாமல் ஒரு சுவரை மனைவி தன் வாழ்நாளில் செய்ததில்லை. யோசித்துவிட்டு, சரி என்றாள்.

தாளைத் தலைகீழாக வைத்து ஒட்டிக் கொடுத்தேன். குருவி அவளுடைய வலப்பக்கத்தில் வந்தது. கடதாசியை விரித்து வேலை தொடங்கினாள். கை எப்போதும் போலவே ஓடியது, ஒரு நடுக்கம் இல்லை. வால் இறகுகள், முதுகின் வளைவு, கொடியைப் பற்றிய நகங்கள் எல்லாம் வந்தன. பக்கத்தில் இருந்து பார்க்கப் பார்க்க எனக்கு வீணாகப் பயந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. பென்சிலை வைத்துவிட்டு, முடிஞ்சுது என்றாள். குருவிக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. நடுக்கோட்டுப் பக்கமாக, அவளுக்கு இடதாக இருந்த தலையும் அலகும் மாலையும் கடதாசியில் ஏறவே இல்லை.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"வடிவாய் இருக்கு" என்றேன்.

திரும்பிப் பாரும் என்று சொல்லியிருக்கலாம். அவள் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனதும் நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்து, தலையையும் அலகையும் மாலையையும் கீறினேன். என் கை பெட்டிகளில் இலக்கம் எழுதிப் பழகின கை. அழித்து அழித்துக் கீறியும் அலகு கோழியின் அலகு மாதிரித்தான் வந்தது. மாலையோ எங்கள் வீட்டுத் தேன்குழலை விட மோசம். நாற்பது வருடமாக அவளைப் பகிடி பண்ணினவனுக்கு ஒரு வளைவை வளைக்கத் தெரியவில்லை. அதைச் சுருட்டிக்கொண்டு பிறம்ரனுக்குப் போனேன்.

குடிபூரலன்று பால் பொங்கி, ஐயர் புறப்பட்டுப் போன பிறகு, எல்லோரும் சாப்பாட்டறைக்குள் வந்தார்கள். ஜன்னலால் வந்த வெயில் பலகையின் விளிம்புகளில் விழுந்து, அவள் எப்போதும் சொல்வது போலத் தானாகவே நிழல் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் வேறு வேறாய் இருக்கிறதே, மாறி வெட்டிவிட்டார்களோ என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்காரி அதுதான் பழைய முறை என்று சமாளித்தாள். எனக்கோ என் கோழி அலகு ஊருக்கே தெரிவது போல இருந்தது.

மனைவி சுவரின் முன்னால் நின்றாள். சனம் இடித்துவிடும் என்று நான் அவளுக்கு இடப்பக்கமாக, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தலையைப் பின்னுக்கு எடுத்து நெடுநேரம் பார்த்தாள். கூடை நன்றாக எழும்பி நிற்கிறது, திராட்சைக் குலையை இன்னும் கொஞ்சம் மெல்லிசாக்கியிருக்கலாம் என்றாள். குருவியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பு நாடா ஒட்டாத சுவர் அது.

வீட்டுக்காரி வலப்பக்கமாக வந்து அவளுடைய தோளில் கைவைத்தாள். சாப்பிட வாங்கோ அன்ரி என்றாள். மனைவி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அறையை ஒருமுறை நோட்டம் விட்டாள்.

"இவர் எங்கை பிள்ளை? இப்ப இஞ்சைதான் நிண்டவர்."

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். பிறகு என் கைக்குள் இருந்த மனைவியின் கையைப் பார்த்தாள். நான் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"நான் இஞ்சைதான் நிக்கிறனப்பா" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அவளுடைய முகம் மலர்ந்தது. வலப்பக்கம் திரும்பி, சனத்துக்குள் என்னைத் தேடினாள்.